அளவறிந்து சேமித்தல்

(உக்கடத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருளைச் சேமித்தல் வேண்டுமென்று கொங்கு நாட்டார்க்கு எடுத்துரைத்தல் மிகையேயாம். உழவிலும் நெசவிலும் வாணிகத்திலும் உடல் தேய உழைத்து, உண்டது போக எஞ்சியதை முதுமைக்கென ஒதுக்குதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயின், அங்ஙனம் சேமிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், எல்லை கடந்த பொருள் வளராது கிடக்கும் என்பதும் நம்மவருட் பலர் கருதாதொழிந்த செய்திகளாம். அவற்றையே இன்று ஆராயப் புகுந்தோம்.

பி.பி.எஃப். என வழங்கும் பொது வருங்கால வைப்பு நிதியை நடுவணரசு 1968 ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. ஓய்வூதியம் பெறாத கடைக்காரரும் தறிக்காரரும் அஞ்சல் நிலையத்திலோ பாங்கியிலோ கணக்குத் தொடங்கி, 15 ஆண்டுகள் பொருள் சேர்க்கலாம். இதன் வட்டிக்கு வருமான வரி இல்லை. இத்துணைச் சலுகை அளித்த அரசு, அதற்கு வரம்பும் வகுத்துள்ளது. ஏப்பிரல் முதல் மார்ச்சு முடியவுள்ள ஓராண்டில் ஒருவர் 500 ரூபாய்க்குக் குறையாமலும், 1,50,000 ரூபாய்க்கு மேற்படாமலும் செலுத்துதல் வேண்டும். இம்மேல்வரம்பு 2014 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் 1,00,000 ரூபாயாக இருந்தது.

இவ்விடத்தே நம்மவர் இடறுகின்றனர். தந்தை தம் கணக்கில் 1,50,000 ரூபாய் செலுத்துகிறார்; இளமைப் பருவத்து மகன் பெயரில் தாமே காப்பாளராய்த் தொடங்கிய கணக்கில் மேலும் 1,00,000 ரூபாய் செலுத்துகிறார் என்று கொள்வோம். பெயர் இரண்டாதலின் வரம்பும் இரண்டு என்பது அவர் எண்ணம். விதியோ அங்ஙனம் அன்று. தம் கணக்கும், தாம் காப்பாளராயிருந்து நடத்தும் பிள்ளையின் கணக்கும் சேர்ந்தே 1,50,000 ரூபாய்க்கு அடங்குதல் வேண்டும். மிகுந்த 1,00,000 ரூபாய்க்கு வட்டி கிடையாது. கண்டறியப்பட்ட பொழுது முதல் மட்டுமே திரும்பும்.

இதனால் வரும் இழப்பு எத்துணை? 2020 ஏப்பிரல் தொடங்கி 2025 ஆம் ஆண்டு முழுதும் வட்டி 7.1 விழுக்காடாகவே நின்றது. அதனையே கொண்டு கணக்கிடின், ஆண்டின் தொடக்கந்தோறும் 1,00,000 ரூபாயாகப் பத்தாண்டுகள் மிகையாய்ச் செலுத்தியவர் இழக்கும் வட்டி 4,86,000 ரூபாய்க்கு மேலாகும். மகளின் மணத்துக்கோ முதுமையின் மருத்துவத்துக்கோ நம்பியிருந்த பொருள், வேண்டிய நாளில் குறைந்து நிற்குமாயின் அவ்வில்லத்தின் நிலை என்னாம்?

இன்னொரு பிழையும் உண்டு. அஞ்சல் நிலையத்தில் ஒன்று, பாங்கியில் ஒன்று என ஒருவரே இரு கணக்கு வைத்தல் விதிக்கு மாறாம். 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த நெறிமுறையின்படி, இரண்டில் ஒன்றை முதற்கணக்காகத் தெரிந்துகொள்ளலாம். ஆண்டு வரம்புக்குள் அடங்குமளவு மற்றையது அதனோடு சேரும். மிகுதி வட்டியின்றித் திரும்பும். இடம் பெயர்வோர் புதுக் கணக்குத் தொடங்க வேண்டுவதில்லை, பழையதையே மாற்றிக்கொள்ளலாம்.

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஊதியம் பெறுவோர்க்கும் ஒரு சொல். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் விருப்பத்தால் கூடுதலாகப் பிடித்தம் செய்யச் சொல்வோர் உளர். 2021 ஏப்பிரல் முதல், தொழிலாளர் தம் பங்காக ஓராண்டில் 2,50,000 ரூபாய்க்கு மேல் செலுத்துவாராயின், மிகுதிக்குரிய வட்டி வரிக்கு உட்படும். முதலாளியின் பங்கு சேராத நிதிக்கு இவ்வெல்லை 5,00,000 ரூபாய். இங்கு வட்டி அற்றுப்போவதில்லை. வரிச் சலுகையே குறைகின்றது. இவ்வேற்றுமையை உளங்கொள்க.

ஆயின் மிகுந்த பொருளை என் செய்வது? நம் உக்கடம் பெரியகுளத்தை நோக்குமின். நொய்யல் நீர் வாய்க்கால் வழியே வந்து நிறைகின்றது. நிறைந்த பின் கலிங்கு வழியாக வெளியேறுகின்றது. கரைக்கு மேல் நீர் தேக்க முயல்வார் எவருமிலர். நம் சேமிப்புக்கும் கலிங்கு வேண்டும். அதுவே இல்லாளின் பெயர். அவள் தன் பெயரில் தானே கணக்குத் தொடங்குவாளாயின், அவளுக்கும் தனியே 1,50,000 ரூபாய் வரம்பு உண்டு. பதினெட்டு நிரம்பிய மகனுக்கும் மகளுக்கும் அங்ஙனமே. பிள்ளையின் பெயரை எண்ணும் நாம் மனையாளின் பெயரை மறந்தது ஏன்? இல்லத்தின் செல்வத்தைக் காப்பவள் கையில் ஒரு கணக்குப் புத்தகமும் இருத்தல் முறையே அன்றோ!

ஆதலின் அன்பர்களே, இல்லந்தோறும் உள்ள கணக்குப் புத்தகங்களை ஒருங்கே எடுத்து, கணவனும் மனைவியும் உடனிருந்து, இவ்வாண்டு செலுத்தியவற்றைக் கூட்டிப் பாருங்கள். மிகை காணின் காலந்தாழ்த்தாது அஞ்சல் நிலையத்தாரிடமோ பாங்கியாரிடமோ எழுத்தால் தெரிவித்துத் திரும்பப் பெறுங்கள். எண்ணறியாத முதியோர்க்கு நம் சங்கத்து இளைஞர்கள் துணை நிற்பார்களாக. ஈட்டுதற்கு உழைப்பு வேண்டும். ஈட்டியதைக் காத்தற்கு அறிவு வேண்டும். இரண்டும் நம் இல்லங்களில் நிலைபெறுக!