தடுமாறும் நாவுக்கும் இடம் உண்டு



1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள நம் ஊராருக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. விருப்பத்தை எழுதிக் கொடுத்தாலே போதும், மொழித்தேர்வு இல்லை.

இன்று அந்தக் குடும்பங்களில் மணமுடித்து பிரான்சுக்குச் செல்வோருக்கு வழி அத்தனை எளிதல்ல. அந்நாட்டுக் குடியுரிமை கேட்டால், பிரெஞ்சு மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். இங்கே பட்டம் பெற்றவரும் அங்கே சிறுபிள்ளைபோல் வினைச்சொற்களை மனப்பாடம் செய்கிறார். கடையில் ரொட்டி கேட்கவும் கூச்சம். யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற அச்சம்.

பெந்தகோஸ்து நாளை நினைத்துப் பார்ப்போம். எருசலேமில் கூடியிருந்த வெளிநாட்டாரைப் புதுமொழி கற்று வரும்படி தூய ஆவியார் சொல்லவில்லை. அவரவர் தாய்மொழியிலேயே நற்செய்தியைக் கேட்கச் செய்தார். முதல் அடியை எடுத்து வைத்தவர் கடவுளே.

நம் தெருவில் கட்டட வேலை செய்யும் பீகார், ஒடிசா சகோதரர்களும் அரைகுறைத் தமிழில் நம்மிடம் வழி கேட்கிறார்கள். பிரான்சில் நம் பிள்ளைகளுக்கு எந்தப் பொறுமை கிடைக்க வேண்டுமென்று செபிக்கிறோமோ, அதே பொறுமையை இவர்களுக்குக் கொடுப்போம். மெதுவாகப் பேசுவோம், சொல்லி முடிக்கும்வரை கேட்போம்.

நாடுகள் தேர்வு வைக்கலாம். கடவுளின் வீட்டிலோ எவரும் அந்நியர் அல்லர்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.