ஆற்றங்கரையில் வெண்பனி

பனி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். ஆனால் அவர்கள் கண்ட பனி, புல்லின் நுனியில் துளியாக நின்று, கதிரவன் எழுந்ததும் மறைவது. வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கித் தரையை மூடும் வெண்பனி வேறு. அதனை நான் முதன்முதலாகக் கண்டது, பனிக்குப் பெயர்பெற்ற நாடு எதிலும் அன்று. வெயிலுக்கும் வெள்ளத்திற்கும் பெயர்பெற்ற நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில்.

அமெரிக்காவின் தென்கோடியில், மிஸிஸிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ளது அந்நகரம். பூமத்திய ரேகையிலிருந்து எகிப்தின் கெய்ரோ நகரம் எவ்வளவு வடக்கே உள்ளதோ, ஏறத்தாழ அவ்வளவே இதுவும் உள்ளது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், அங்கே என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அன்று ஒரே நாளில் 8 அங்குலப் பனி பெய்தது. அவ்வூர் விமான நிலையத்தில் அதற்கு முன் பதிவான பேரளவு, 1963 டிசம்பர் 31 அன்று பெய்த 2.7 அங்குலமே. இதற்கு ஈடான பனியைத் தேடுவோர் 1895ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

இஃது ஏன் இவ்வளவு அரிது? குளிர் மட்டும் இருந்தால் பனி பெய்யாது. வடதுருவக் காற்று வறண்டது. ஈரம் மட்டும் இருந்தால் மழைதான் பெய்யும். தெற்கே வளைகுடாக் கடலிலிருந்து ஈரக்காற்று வரும்பொழுதெல்லாம் அது வெப்பத்தையும் உடன்கொண்டே வரும். அன்றோ, துருவக் குளிர் கடற்கரை வரை இறங்கிப் பரவிக்கிடந்தது. அதன்மேல் கடலின் ஈரம் ஏறிவந்தது. மேகத்திலிருந்து மண் வரையில் எங்கும் நீர் உறையும் குளிர். ஆகவே பனித்துகள் வழியில் உருகாமல் தரை சேர்ந்தது.

அந்நகரத்துப் பழைய வீடுகள் செங்கல் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. வெள்ளம் வந்தால் கீழே ஓட வேண்டும். கோடையில் காற்று கீழே உலவ வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர்க் குழாய்களும் அந்தத் தரைக்கடியில்தான் செல்கின்றன. நீர் உறையும்பொழுது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கிறது, குழாய் வெடித்துவிடும். முதல்நாள் மாலை முழுவதும் என் மருமகன் வீட்டிற்கடியில் படுத்துக்கொண்டு, பழந்துணிகளைக் குழாய்களில் சுற்றிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைகளை மூடினர்; பள்ளிகளுக்கு விடுமுறை. பெரியவர்கள் எல்லோரும் கவலையில் இருந்தார்கள்.

குழந்தைகளுக்கு அந்தக் கவலை ஏது? பேத்திக்கு வயது எட்டு, பேரனுக்கு ஐந்து. சன்னலை விட்டு அகலவில்லை. வெளியே அனுப்ப என் மகளுக்கு மனம் வரவில்லை. பேரனுக்கு இளைப்பு உண்டு. மின்சாரம் நின்றால் நனைந்த பிள்ளையை எப்படிக் காயவைப்பது என்பது அவள் அச்சம். அது வீண் அச்சமும் அன்று. சிறிது நேரம் வெளியே பார்த்தபடி நின்றாள்.

“அப்பா, அடுத்த முறை இப்படிப் பெய்யும்பொழுது இவன் எவ்வளவு பெரியவனாகியிருப்பானோ!” என்றாள். பிறகு காலுறைகளைத் தேடத் தொடங்கினாள்.

வெப்ப நாட்டு வீட்டில் பனிக்கான உடை எங்கே இருக்கும்? கையுறைக்குப் பதில் காலுறைகள். காலணிக்குமேல் பிளாஸ்டிக் பைகள். அரைமணி நேரத்திற்கு ஒருமுறை உள்ளே வந்து உடல்காய வேண்டும் என்பது உடன்படிக்கை. புறப்பட்டோம்.

தட்டையான ஊர் அது. பல பகுதிகள் கடல்மட்டத்திற்கும் தாழ்ந்தவை. மேடு என்று சொல்லத் தக்கது ஆற்றுவெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரை ஒன்றே. ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் அங்கே கூடியிருந்தனர். பனிச்சறுக்கு வண்டி எவரிடமும் இல்லை. அட்டைப் பெட்டி, துணிக்கூடை, பெட்டியின் மூடி, சிறு படகு என்று கையில் கிடைத்ததன்மேல் அமர்ந்து கரைமீதிருந்து வழுக்கிக்கொண்டு வந்தனர். தண்ணீருக்கு அஞ்சிக் கட்டிய கரை, அந்தத் தண்ணீரே வேறுருவில் வந்தபொழுது விளையாட்டுக் களமாயிற்று! கூச்சலிட்ட குழந்தைகளின் குரல்கூடச் சற்றுத் தள்ளி நின்றால் மங்கலாகவே கேட்டது. புதுப்பனியினுள் காற்று நிரம்பிய இடைவெளிகள் மிகுதி. அவை ஒலியை விழுங்கிவிடுகின்றன.

திரும்பும் வழியில் அண்டை வீட்டு மூதாட்டியைக் கண்டோம். குழந்தைகள் அவரைப் பாட்டி என்றே அழைப்பர். இடுப்பெலும்பு முறிந்து தேறிவருபவர். சன்னலருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். 1963ஆம் ஆண்டுப் பனியின்பொழுது அவருக்குப் பத்து வயது. பின்னர் 2004இலும் 2008இலும் பனி வந்ததுண்டு. “அவையெல்லாம் உருண்டை பிடிப்பதற்குள் போய்விட்டன” என்றார். பேத்தி ஒன்றும் பேசாமல் எங்கள் வீட்டிற்குள் ஓடி, சோறு வடிக்கும் பாத்திரத்தை எடுத்துவந்து, பனியை நிரப்பி அவர் மடியில் வைத்தாள். அவர் கையுறை அணிய மறுத்துவிட்டார். வெறுங்கையால் ஓர் உருண்டை பிடித்தார். நெடுநேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, குறி தவறாமல், என் மருமகன் மார்பில் எறிந்தார்! பேரன் சிரித்த சிரிப்பில் எனக்கு அவன் இளைப்பைப் பற்றிய அச்சமே வந்துவிட்டது. நல்லவேளை, ஒன்றும் நேரவில்லை. குழாய்களும் தப்பின.

சில நாட்களில் கரையில் புல் தெரிந்தது. பேரன் மட்டும் ஒரு கிண்ணம் பனியைக் குளிர்பதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்துப் பாதுகாத்தான். நான் ஊர் திரும்பிய மார்ச் மாதத்தில் எடுத்துக் காட்டினான். அறுகோணத் துகள்கள் முனை மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கடினமான கட்டியாகியிருந்தன. “இது பனி இல்லை, தாத்தா” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கவனமாக உள்ளேயே வைத்தான்.