கூரை ஏறுவோனுக்குக் காப்பு எங்கே?
(டிக்கோயா தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் லயத்துத் தகரம் ஒழுகும். "ஏறி அடைத்து வா" என்று ஆணை பிறக்கும். ஏறுபவன் காலில் இருப்பது என்ன? தேய்ந்த செருப்பு, அல்லது வெறுங்கால். பாசி படர்ந்த, நனைந்த சரிவில் அவனைத் தாங்குவது எது?

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் விழுந்தவனுக்குப் பணம் தருகிறது. 2017 மே 12இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் திறக்கப்பட்ட 150 கட்டில் மருத்துவமனை விழுந்தவனுக்குப் படுக்கை தருகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இரண்டும் விழுந்த பிறகு வருபவை! விழுமுன் வரவேண்டியதையே நாம் கேட்கிறோம்.

நீர் வடியும் பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடிச் சப்பாத்து வேண்டும். காற்றில் பறந்து காலைச் சுற்றாத, உடம்போடு பொருந்திய மழையுடை வேண்டும். சப்பாத்து வழுக்கலைக் குறைக்கும், விழுபவனைப் பிடிக்காது. ஆகவே, உறுதியான இடத்தில் பிணைத்த கயிறும் உடற்கச்சையும் வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தகடு மிதித்தால் உடையும். அதன்மேல் மிதிபலகை வேண்டும். மழை பெய்யும்போது எவரையும் ஏற்றவே கூடாது.

செலவு யாருடையது? சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 155ஆம் சமவாயம், 1981ஆம் ஆண்டினது, 21ஆம் உறுப்புரையில் விடை கூறுகிறது: பாதுகாப்புச் செலவு தொழிலாளியின் தலையில் விழலாகாது. ஆகவே, சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்க இடமளியாதீர்!

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதனை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கட்டும், நகலைப் பத்திரப்படுத்தட்டும். வாய்ச்சொல் வழக்கில் நில்லாது, எழுத்து நிற்கும்.

காப்பு முதலில் வரட்டும். ஏணி பிறகு சாயட்டும்!