கதிர்வீச்சைத் தாங்கும் செயற்கை வைரம்

துகள் இயற்பியல் சோதனைகளில் பயன்படும் வைர உணரி பார்வைக்கு எளிமையானது. ஒரு சென்டிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் தடிப்பு உள்ள செயற்கை வைரத் தகடு. இருபுறமும் மெல்லிய உலோகப் பூச்சு. அதற்குப் பல நூறு வோல்ட் மின்னழுத்தம். மின்னூட்டமுள்ள துகள் தகட்டைத் துளைத்துச் செல்லும்போது, ஒவ்வொரு மைக்ரான் தூரத்துக்கும் சராசரியாக 36 எலக்ட்ரான்கள் விடுபடும். அவை சில நானோ நொடிகளில் உலோகப் பூச்சை அடைந்து மின்துடிப்பாகப் பதிவாகும்.

சிலிக்கான் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் வலுவான துடிப்பைத் தரும், விலையும் குறைவு. ஆனால் துகள்கள் மோதும் இடத்துக்கு அருகில் கதிர்வீச்சு கடுமை. படிகத்தின் அணுக்களை அது இடம்பெயர்த்துவிடும். சேவூர், ஆரணித் தறிகளில் பாவு இழை அறுந்தது தெரியாமல் நெய்தால் சேலை நெடுகக் கோடு விழும். படிகத்தில் விழும் குறையும் அப்படித்தான்: அவ்வழியே வரும் மின்னூட்டத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வைரத்தில் கார்பன் பிணைப்பு வலிமையானது என்பதால் அணுவைப் பெயர்க்க 40 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவை; சிலிக்கானுக்கு அதில் பாதியே போதும். அடிபட்ட சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் பெருகுவதால் அதைக் குளிர்வித்தே இயக்க வேண்டும். வைரம் அறை வெப்பநிலையிலேயே இயங்கும். வைரமும் அழிவற்றதல்ல, கதிர்வீச்சு ஏற ஏற அதன் துடிப்பும் மெலியும்.

வைர உணரி ஆய்வுக்கென செர்ன் ஆய்வகத்தில் 1994-இல் ஆர்.டி.42 என்ற கூட்டுக்குழு அமைந்தது. அங்குள்ள அட்லஸ் சோதனையில் மோதல் புள்ளிக்கு இருபுறமும் 1.84 மீட்டர் தொலைவில் வைர உணரிகள் வைக்கப்பட்டன. மோதலில் பிறந்த துகள்கள் இரு பக்கத்தையும் ஒரே சமயத்தில் எட்டும். முடுக்கியில் ஓடும் துகள் கற்றை வழிதவறினால், அதன் துகள்களோ ஒரு பக்கத்தை சுமார் 12 நானோ நொடி முன்னதாக எட்டிவிடும். இந்தச் சிறு இடைவெளியைக் கொண்டே ஆபத்தை அறிந்து கற்றையை நிறுத்தலாம். ஜப்பானின் சுகுபாவில் நடக்கும் பெல் 2 சோதனையிலும் 28 வைர உணரிகள் இதே காவல் பணியைச் செய்கின்றன.

பெல் 2, செர்னின் சி.எம்.எஸ். ஆகிய இரு சோதனைகளிலும் சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்கிறது. செயற்கை வைரத்துக்கான தேசிய மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 2023-இல் மத்திய அரசு இதற்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. விதைப் படிகங்களையும் வளர்ப்பு இயந்திரங்களையும் இறக்குமதி செய்யாமல் உள்நாட்டிலேயே உருவாக்குவது இதன் நோக்கம்.

மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களை நுண்ணலையால் பிளாஸ்மாவாக்கினால், விதைப் படிகத்தின்மேல் கார்பன் அடுக்கடுக்காகப் படியும். நகைக்கல் என்றால் வளர்ச்சியை விரைவுபடுத்தச் சிறிது நைட்ரஜன் சேர்ப்பதுண்டு. உணரிக்கு அதே நைட்ரஜன் நஞ்சு. நூறு கோடி கார்பன் அணுக்களுக்கு ஐந்து நைட்ரஜன் அணுக்கள்கூட இருக்கக் கூடாது. அந்தத் தூய்மைக்கு மெதுவான வளர்ப்பும், கசிவே இல்லாத கலமும் வேண்டும்.

நகைக்கல் வளர்ப்பில் சூரத் ஏற்கெனவே முன்னேறிவிட்டது. படிகம் வளர்ப்போரும் துகள் ஆய்வாளரும் ஒரே வளாகத்தில் கூடியிருக்கும் சென்னை, உணரித் தர வைரத்தைத் தன் இலக்காகக் கொள்ள வேண்டும்.