மரத்த காலும் மலைப் படியும்

(அறக்கட்டளை விழாவையொட்டி நடைபெற்ற மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்கிறேன். ஆறாண்டுகளாக என் பாதங்கள் மரத்திருக்கின்றன. இம்மேடையில் நிற்க எனக்குள்ள தகுதி அவ்வளவே. 'மரத்தல்' என்னும் சொல்லைச் சற்றே நினைத்துப் பாருங்கள். உயிருள்ள கால் மரக்கட்டைபோல் ஆகிவிடும் நிலையை நம் மொழி ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிட்டது.

இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் சர்க்கரை நோயுடையோர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களுள் பலருக்கு நாளடைவில் நரம்பு நலிகிறது. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதத்திற்குச் செல்பவை. ஆகவே முதற்கண் நலிவதும் பாதமே. எரிச்சல், ஊசி குத்துதல், மதமதப்பு என்று தொடங்கிக் காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலேறும். வலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். விழுவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும்: கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு. மூன்றாம் சாட்சி வாய்மூடினால் கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பகலில் குறை தெரியாது. குளியலறையில் முகத்திற்குச் சோப்பிட்டுக் கண்ணை மூடும்போது உடல் சாயும். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் இதனையே ஒரு சோதனையாக எழுதிவைத்தார். கால்களை ஒட்டி நின்று கண்ணை மூடச் செய்தால், நரம்புணர்வு குன்றியவர் தள்ளாடுவார். இன்றும் மருத்துவர்கள் அதனைச் செய்கிறார்கள். வீட்டில் தனியே செய்து பார்க்க வேண்டா. அருகில் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும்.

இனி நம் தேவாலாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் நம் ஊரும் ஒன்று. ஆனி பிறந்தால் படிகளில் பாசி படர்கிறது. காற்றடித்தால் மின்சாரம் போகிறது. கண் என்னும் சாட்சியும் உடன் போகிறது. சமவெளியில் இருப்பவருக்கு வாசலில் இரண்டு படி; நமக்கோ வீட்டிலிருந்து சாலைக்கு வரவே இருபது படி. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் அட்டை கடித்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. வேட்டியில் இரத்தத்தைக் கண்ட பிறகே நான் அறிந்ததுண்டு. குளிருக்குக் கணப்பின் அருகே காலை நீட்டிச் சுட்டுக்கொண்டவர்களும் நம்மிடையே உளர். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள்.

உணர்விழந்த காலைக் காப்பது எப்படி என்று உலகிற்குக் கற்பித்தவருள் ஒருவர் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார். மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணியாற்றினார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வலி தெரியாமையால் நேரும் சிறு காயங்களும் தீப்புண்களுமே அவ்வுறுப்புகளை அழிக்கின்றன என்பதை அவர் கண்டறிந்தார். எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் அறியும் நுண்துளை ரப்பர்ச் செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த அத்தகைய பணியோடு வளர்ந்தது. பின்னர் அமெரிக்கா சென்றபோது, அதே அறிவைச் சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். வலியை ஒரு கொடை என்று அவர் கருதினார். அதனை இழந்த பிறகு எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

இந்த அவைக்கென்றே ஒரு செய்தி உண்டு. நரம்பு நலிவுக்குச் சர்க்கரை மட்டுமே காரணம் அன்று. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும். இச்சத்து தாவர உணவில் இயல்பாக இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. முதுமையில் உடல் அதனை ஈர்த்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கு மேலும் குறையக்கூடும். பால் நீங்கலாகப் புலால் தவிர்த்து வாழும் நம் குடும்பங்களில் இந்த இரத்தப் பரிசோதனையை எவரும் தள்ளிப்போடலாகாது. பி12 மருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படுவது. விலங்கைக் கொன்று எடுப்பதன்று. ஆயினும் கூட்டு மாத்திரைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டினால் ஆனது. உறையில்லா மாத்திரை அல்லது ஊசி தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். நோன்பு நாள்களில் சர்க்கரை மாத்திரையை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது இருளில் விழுவதினும் கொடிது.

நடக்கும்போது முன்னுள்ள நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதியை நீங்கள் என்னினும் நன்கு அறிவீர்கள். சிற்றுயிர்க்காக ஏற்பட்ட நெறி அது. கால் மரத்தவனுக்கு அதுவே தற்காப்பும் ஆகிறது; பாதம் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் வெறுங்காலோடு நடந்து வந்தபின் உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். குனிய இயலாதோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிரவணபெளகுளத்தின் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை வெயிலில் வெறுங்காலுடன் ஏற நினைப்போர் விடியலில் ஏறுக. தள்ளாட்டம் உடையோர்க்கு அங்கே டோலி உண்டு. அதில் ஏறுவது பக்திக்குக் குறைவாகாது என்பது என் கருத்து.

கைத்தடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஊன்றுகோல் மட்டும் அன்று. நிலத்தின் செய்தியைக் கைக்குக் கொண்டுவரும் தூது. விரல்நுனியால் சுவரை மெல்லத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைகிறது என ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். தடியின் பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் முனை தேயாமல் இருக்க வேண்டும். செருப்புக்குப் பின்பட்டை வேண்டும். ஹவாய் செருப்பு மரத்த காலிலிருந்து கழன்றாலும் தெரியாது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் கம்பளிக் காலுறையோடு மட்டும் நடவாதீர்கள். படுக்கையருகே டார்ச் விளக்கு, படியோரம் கைப்பிடிக் கம்பி, எழுந்தவுடன் நடவாமல் கட்டிலில் சற்று அமர்தல். நாள்தோறும் சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு பத்துமுறை குதிகால் உயர்த்துதல், நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

விழுந்துவிட்டால் உடனே துள்ளி எழாதீர்கள். மூச்சு வாங்கி, எலும்பு வலிக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்து, பின் தவழ்ந்து, உறுதியான நாற்காலியைப் பற்றி எழுங்கள். இடுப்பு வலித்தால் அசையாமல் ஆள் அழையுங்கள். கைப்பேசி கழுத்தில் தொங்கட்டும். மேசைமேல் இருக்கும் கைப்பேசி தரையில் கிடப்பவனுக்கு எட்டாது.

நம் மூத்தோர் விழுந்ததை மறைக்கிறார்கள். சுவரில் இடித்துக்கொண்டேன் என்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தால் பிள்ளைகள் மலையை விட்டுக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போய்விடுவார்கள். என் மகளும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'அப்பா, இங்கே வந்துவிடுங்கள்' என்கிறாள். நான் அவளிடம் எதையும் மறைப்பதில்லை. விழுந்த நாள், இடம், நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அவளுக்கும் மருத்துவருக்கும் காட்டுகிறேன். மூன்று முறையும் மாலை ஆறரைக்குமேல், வெளிப்படியில் என்று அந்நோட்டு காட்டியது. அவளே கைப்பிடிக் கம்பியும் மின்கல விளக்கும் போட்டுத் தந்தாள். அதன்பின் ஓராண்டாக அப்படியில் விழவில்லை. போய்விடுவதா, இருப்பதா என்னும் பேச்சு எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது உண்மையை வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு முதல் நடைபெறுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்தோடு இயன்முறை மருத்துவமும் அதில் உண்டு. வீட்டிற்கு வரும் பணியாளரிடம் கால் மரத்திருப்பதையும் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்க வேண்டா.

கூட்டம் முடிந்தபின் என் கைத்தடியை வாயிலருகே வைத்திருப்பேன். உயரம் சரிபார்க்க விரும்புவோர் பிடித்துப் பார்க்கலாம்.