பச்சைத் துணியும் பலா மரமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரும் கோடை விடுமுறையில் நம் சிறுவர் நாடகத்தையும் நம் முதியோரின் நினைவுரைகளையும் வீடியோவில் பதிவு செய்ய எண்ணியுள்ளோம். பின்னால் பச்சைத் துணி கட்டிவிட்டால், பாறசாலையில் அமர்ந்து பேசுபவரை மதுரைக் கோபுரத்தின் முன் நிறுத்திவிடலாம் என்று இளைஞர் சிலர் ஆர்வத்தோடு கூறினர். நல்ல ஆர்வமே. எனினும் இக்கலையை எங்கே கொள்வது, எங்கே விலக்குவது என்பதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இது புதிய வித்தையன்று. 1898-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு மெலியே என்பவர் தம் தலையையே பலவாகப் பெருக்கிக் காட்டினார். நம் நாட்டில், மாடர்ன் தியேட்டர்சார் 1940-இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். இரட்டை வேடக் காட்சிகளுக்கு அக்காலத்தார் கையாண்ட முறை 'மாஸ்க்' எனப்பட்டது. லென்சின் ஒரு பாதியைக் கருந்தகட்டால் மறைத்து ஒரு முறை எடுப்பர். பின்னர் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மற்றப் பாதியை மறைத்து மறுமுறை எடுப்பர். இடையில் கேமரா ஒரு நூலளவு அசைந்தாலும் அன்றைய உழைப்பு வீண்.

அதே 1940-இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்தில், லாரி பட்லர் என்பவர் நீலத்திரையைப் பயன்படுத்தி ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்படத்தில் நடித்த சாபு, மைசூர் நாட்டு யானைப்பாகர் வீட்டுப் பிள்ளை என்பது நமக்கு இன்பம் தரும் செய்தியன்றோ! மனிதத் தோலில் நீலம் மிகக் குறைவு. ஆதலின் நீலத்தை மட்டும் நீக்கினால் ஆள் எஞ்சி நிற்பார். டிஜிட்டல் கேமராக்கள் வந்தபின் பச்சை மேலோங்கியது. அவற்றின் உணரியில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையை அறிவன. நீலத்திற்கும் சிவப்பிற்கும் ஒவ்வொன்றே. திரைத்துறையினர் இதனைக் 'கிரீன் மேட்' என வழங்குவர்.

ஆனால் நம் ஊர்ப்பக்கத்திற்குப் பச்சை அவ்வளவு பொருந்துமா? நாடகத்தில் நம் பிள்ளைகள் வாழையிலை ஏந்துவர், வெற்றிலைத் தட்டு எடுப்பர், மாவிலை கட்டுவர். துணியோடு அவையும் மறைந்துபோகும். ஏந்திய கை மட்டும் வெறுமையாய் நிற்கும்! பாலராமபுரத்துக் கசவு நேரியலும் தொல்லை தருவதே: சரிகை, பச்சை ஒளியை வாங்கி மினுக்கும், கரை அரிபட்டுத் தோன்றும். ஆகவே நீலத்துணியே நமக்கு ஏற்றது. அன்று நீல உடை மட்டும் வேண்டா. துணியில் சுருக்கம் இருத்தலாகாது. துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. இரண்டிற்கும் இடையே ஆறடியேனும் இருத்தல் நன்று. பின்னால் வைக்கும் படத்தில் வெயில் இடப்புறமிருந்து வீச, ஆளின் முகத்தில் வலப்புறமிருந்து ஒளி விழுந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாத குழந்தையும் ஏதோ பொய் என்று கண்டுகொள்ளும். துணியே வேண்டாமல் கைப்பேசியே ஆளைப் பிரித்தெடுப்பதும் இன்று உண்டு. ஆயின் அது பறக்கும் முடியையும் வீசும் கையையும் தின்றுவிடுகிறது.

நாடகத்திற்கு இவையெல்லாம் தகும். நம் சாலையிலேயே, நேமத்தில், நாகர்கோயிலில் பிறந்த பி. சுப்பிரமணியம் அவர்கள் மெரிலாண்ட் ஸ்டூடியோவை அமைத்து, 'குமாரசம்பவம்' போன்ற புராணப் படங்களை எடுத்தார். கயிலையை நேமத்தில் காட்டுவது நாடகத்தின் உரிமை. அதனை யாரும் பொய் என்று சொல்லார்.

முதியோர் பதிவு அத்தகையதன்று. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்நாளைச் சிறுவராயிருந்து கண்டோர் நம்மிடையே இன்னும் உளர். பெண் கொடுத்த ஊர் களியக்காவிளைக்கு அப்பாலும், வீடு இப்பாலுமாக நின்ற கதையை அவர்கள் சொல்லும்போது கை தானே நீளும்: 'அதோ அந்தப் பலா மரத்துக்கு அப்புறம்' என்பார்கள். மரத்தை நீக்கிக் கோபுரத்தை வைத்தால் அக்கை எதனைச் சுட்டும்? கொடியில் உலரும் ரப்பர் ஷீட்டும், சுவரில் தொங்கும் மலையாள நாட்காட்டியும், நாம் இங்கே தமிழராய் வாழ்ந்ததற்குச் சான்றுகள். அவற்றைத் துடைத்தெறிந்து இல்லாத ஊரை ஒட்டவைப்பது அவர்களுக்குச் செய்யும் சிறப்பன்று என்பது எம் துணிபு. வெளியூர்ப் பேரப்பிள்ளைகளுக்குக் கோபுரம் அழகாயிருக்குமே என்பர் சிலர். கோபுரத்தை அவர்கள் நேரில் கண்டுகொள்ளலாம். தாத்தாவின் முற்றத்தை நாளை எங்கே காண்பார்கள்?

மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமார'னை எடுத்த ஜே. சி. டேனியல் அவர்கள் 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அசல் பதிவு இருந்தால் பின்புலத்தை என்றும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதிலிருந்து அசலை மீட்க இயலாது.

ஆகவே நீலத்துணி நாடக மேடைக்கு மட்டும். முதியோர் பதிவு அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே, காலை ஒன்பது மணிக்குள், வெயில் ஏறுமுன் நடைபெறும். வீட்டார் கொடியில் கிடப்பவற்றை எடுத்து மறைக்க வேண்டா. வானொலியை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். ஒவ்வொரு பதிவிலும் பெயர், ஊர், நாள் குறித்து, அசலின் இரண்டு படிகளைச் சங்கத்திலும் வீட்டிலுமாக வைப்போம்.