குனிய வைத்த காய்ச்சல்

சிக்குன்குனியா என்ற பெயரைக் கேட்டுக் கோழிக்கறியை ஒதுக்கியவர்கள் உண்டு. பாவம், கோழிக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயர் பிறந்தது ஆப்பிரிக்காவில். 1952-இல் இன்றைய தான்சானியாவின் தெற்கே, மகொண்டே பீடபூமியில் ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டுவலி தாங்காமல், நிமிர முடியாமல் மக்கள் வளைந்து நடந்தார்கள். 'உடம்பை வளைத்துவிடுவது' என்று மகொண்டே மொழியில் அதற்குப் பெயர் வைத்தார்கள். சுவாஹிலிச் சொல் என்று பலர் எழுதுவது சரியல்ல. 1955-இல் மரியன் ராபின்சன், லம்ஸ்டன் ஆகிய இரு ஆய்வாளர்களும் நோயைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் ஊர்மக்களின் சொல்லையே எடுத்தாண்டார்கள். மருத்துவ உலகில் அதுவே நிலைத்தது.

தமிழ்க் காதுக்கு அதில் 'குனி' கேட்பது தற்செயல்தான். ஆனால் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் தவித்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்!

இந்தக் காய்ச்சலைப் பரப்புவது டெங்குவைக் கொண்டுவரும் அதே ஏடிஸ் கொசுதான்; அது பகலில் கடிக்கும். 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் தலைகாட்டிய நோய், பிறகு பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. 2006-இல் திரும்பியபோது நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலிதான் சிலருக்கு மாதக்கணக்கில் நீளும்.